மயிலம் முருகனைப் பாடிய நாத்திகர்

புதுச்சேரியை விட்டு வடக்கே, கடலை வலப்பக்கமாக வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், பேச்சு வாக்கிலேயே பொம்மையார்பாளையத்தைக் கடந்து போய்விடுவார்கள். சாலைக்குக் கிழக்கே மீனவர் வீடுகளும் படகுகளும். மேற்கே செம்மண் மேடு. இவ்வளவுதான் ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊரின் இன்னொரு பெயர் தெரிந்திருக்கும். பொம்மபுரம்! வீரசைவர்களின் பழைய மடம் ஒன்று இங்கே இருக்கிறது. சிவஞான பாலய சுவாமிகள் என்ற பட்டப் பெயருடன் வழிவழியாக வருகிற ஆதீனகர்த்தர்களின் மடம் அது. திண்டிவனத்துக்கு அருகே சிறு குன்றின் மேல் இருக்கிறதே மயிலம் முருகன் கோயில், அது இந்தப் பொம்மபுர ஆதீனத்தின் பரிபாலனத்தில் உள்ளது. பங்குனி உத்திரத்தின்போது திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி என்று மூன்று திக்கிலிருந்தும் காவடிகள் அந்தக் குன்றை நோக்கிப் போகும்.

அந்த மயிலம் முருகன் பேரில் 1926-ல் ஒரு சிறு புத்தகம் அச்சாகி வெளிவந்தது. பெயர், 'ஸ்ரீ மயிலம் சுப்பிரமணியர் துதியமுது'. பாடியவர் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மயிலத்து முருகனை அவர் பாடியது அந்த ஒரு தடவை மட்டும் அல்ல. அதற்கு முன்பும் பாடியிருக்கிறார்.

ஏழு வருஷம் சென்றது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி, சென்னை ஒயிட்ஸ் நினைவு மண்டபத்தில் நாத்திகர் மாநாடு ஒன்று கூடியது. தலைமை வகித்தவர் சிங்காரவேலர். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியவர் என்று பெயர் பெற்றவர். மாநாட்டுக்கு வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவர் வெறும் கையெழுத்தோடு நிறுத்தவில்லை. தாம் ஒரு நிரந்தரமான நாத்திகர் என்று எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்திட்டார்.

துதியமுது பாடியவரும் அவரே. பதிவேட்டில் எழுதியவரும் அவரே. கனக சுப்புரத்தினம் என்ற பாரதிதாசன்.

பெயரிலேயே முருகன்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி புதுச்சேரியில் பிறந்தவர் பாரதிதாசன். தகப்பனார் கனகசபை முதலியார். பிள்ளைக்குச் சுப்புரத்தினம் என்று பெயர் வைத்தார்கள். சுப்பு என்பது சுப்பிரமணியத்தின் சுருக்கம் அல்லவா? பிறகு அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரைப் பிரித்துப் பார்த்தாலும், தாசனாகிய அவர் யாருக்குத் தாசனோ அவர் பெயரும் சுப்பிரமணியம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முருகன் நிற்கிறான்! பின்னாளில் நாத்திகப் பாட்டுகளாகப் பாடித் தள்ளியபோதும் அவர் இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

பாரதியாரை அவர் சந்தித்த கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்ததுதான். வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணம். இளைஞர் சுப்புரத்தினம் பாரதியாரின் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். பாட்டை எழுதியவர் அந்தச் சபையிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பாடுகிறவருக்குத் தெரியாது. பழக்கம் ஏற்பட்ட பிறகு, நண்பர்கள் முன்னிலையில் ஒரு பாட்டு எழுதிக்காட்டும்படி பாரதியார் சொன்னார். அவர் எழுதிக் கொடுத்தது சக்தியைப் பற்றிய பாட்டு. பாரதியார் அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பு வைத்துப் 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்கு அனுப்பினார்.

ஆகவே, நாத்திகக் கவிஞரைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்தி வைத்தது பராசக்தி என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நாளைய சுப்புரத்தினம் தேசியவாதி. கதர்த் துணியைத் தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக விற்றவர். பக்திமான். 1909-ல் காரைக்காலை அடுத்த நிரவியில் சர்க்கார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக வேலைக்குச் சேர்ந்தார். 1946-ல் ஓய்வு பெறுகிற வரையில் 37 வருஷம் அதே உத்தியோகம். நாத்திகப் பிரசாரம் செய்தவர் என்றதும் மேடையிலேயே குடியிருந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. சுண்ணாம்புக் கட்டியும் கரும்பலகையுமாக, பிரெஞ்சு சர்க்காரின் சம்பளத்தில், பிள்ளைகளுக்கு அகரம் எழுதப் பழக்கிக்கொண்டிருந்த குடும்பஸ்தர் அவர்.

எதனால் மாறினார்?

1925-ல் 'குடியரசு' பத்திரிகை தொடங்கிற்று. சுயமரியாதை இயக்கம் பரவிற்று. 1928-ஆம் ஆண்டளவில் பாரதிதாசன் அந்த இயக்கத்தில் சேர்ந்துவிட்டார். பெரியாரின் பேச்சும் எழுத்தும் அவரை இழுத்தன என்று சொல்லி இந்த அத்தியாயத்தை ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அவ்வளவு லேசான விஷயமா அது? ஒரு மனிதன் பிள்ளைப் பிராயம் முதல் கும்பிட்ட சாமியை, பாட்டுக் கட்டி அச்சுப் போட்டு வைத்த சாமியை, ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்து விட்டுவிடுவானா?

அந்தக் கால நடைமுறையைச் சற்று நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். துதியமுது வெளிவந்த வருஷத்தில், தமிழ்நாட்டுக் கோயில்களின் சந்நிதியில் போய் நின்று பாட எல்லோருக்கும் உரிமை கிடையாது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் கோபுரத்துக்கு வெளியேதான் நின்றார்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குப் பொதுவாக வழிசெய்கிற சட்டம் 1939-ல்தான் வந்தது. முழு உரிமை தருகிற சட்டம் 1947-ல். கவிஞரின் பாட்டைக் கேட்க வேண்டிய தெய்வம் உள்ளே இருக்க, பாட்டைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை வெளியே நிற்க வேண்டும் என்பது ஒரு வாத்தியாருக்கு உறுத்தாமல் இருக்குமா? 1930-ல் அவர் வெளியிட்ட புத்தகங்களில் ஒன்று தாழ்த்தப்பட்டவர்களின் சமத்துவத்துக்கான பாட்டு. சுயமரியாதைப் பாட்டுகளும் வந்தன. சாமி இல்லை என்ற முடிவுக்கும் சாதி கூடாது என்ற கோபத்துக்கும் நடுவே அவரிடம் அதிக தூரம் இல்லை.

அவருடைய குருநாதர் இதே புதுச்சேரியில் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். கனகலிங்கம் என்ற ஆதிதிராவிட இளைஞருக்குப் பாரதியார் பூணூல் போட்டு, காயத்ரி மந்திரம் உபதேசம் செய்தார். கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டால் போதும் என்பது குருவின் கட்சி. அந்த வீடே வேண்டாம் என்பது சிஷ்யரின் கட்சி. ஆனாலும் குருவின் பெயரைச் சிஷ்யர் விடவில்லை. பிராமணர் ஒருவரின் பெயருக்குத் தாசனாக இருக்கலாமா என்று இயக்கத்து நண்பர்களே முணுமுணுத்த காலத்திலும், சாதியை எதிர்த்துப் பாடியவர் பாரதி என்று சொல்லி நின்றார். கடவுளை விட்டாரே தவிர, நன்றியை விடவில்லை.

குப்பன் பயந்த கதை

1930-ல் வெளிவந்த 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' அவருடைய நாத்திகத்தின் தன்மையைக் காட்டுகிற நல்ல கண்ணாடி. கதை வேடிக்கையானது.

குப்பன் என்ற வாலிபனும் வஞ்சி என்ற பெண்ணும் மலைச் சாரலில் சந்திக்கிறார்கள். வஞ்சிக்கு இரண்டு மூலிகைகள் வேண்டும். ஒன்றைத் தின்றால் உலகத்து மக்கள் பேசுவதெல்லாம் காதில் கேட்கும். மற்றொன்றைத் தின்றால் உலகத்துக் காட்சிகள் இருந்த இடத்திலேயே தெரியும். இன்று பையில் வைத்துக்கொண்டு திரிகிற கைப்பேசிதான்! அன்றைக்கு அது மூலிகை.

மூலிகையைத் தின்றதும் அந்நிய தேசத்தார் பேசுவது கேட்கிறது. பிறகு நம் நாட்டுக் குரல் ஒன்று கேட்கிறது. அனுமார் வந்து சஞ்சீவி மலையை வேரோடு பெயர்த்தெடுக்கப் போகிறார் என்று அந்தக் குரல் சொல்கிறது. குப்பனுக்கு உதறல் எடுத்துவிட்டது. இருவரும் நிற்பதே அந்த மலையின் மேல்தானே! ஓடிவிடலாம் என்று துடிக்கிறான். வஞ்சி சிரிக்கிறாள், சமாதானம் சொல்கிறாள். அவன் நம்பவில்லை. கடைசியில்தான் தெரிகிறது, அது எங்கோ ஓர் ஊரில் ராமாயணக் காலட்சேபம் செய்கிற பாகவதரின் குரல் என்று. கதையை முடித்த பாகவதருக்குச் சம்பாவனை விழுகிற சத்தமும் கூடவே கேட்கிறது!

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குப்பனைக் கவிஞர் முட்டாளாக்கி மிதிக்கவில்லை. அவனுடைய பயம் உண்மையான பயம். மலை ஆடும் என்று நம்புகிறவனுக்கு மலை ஆடத்தான் செய்யும். அவனைக் கையைப் பிடித்து நிறுத்தி யோசிக்கச் சொல்கிறவள் ஒரு பெண். பெண்ணுக்குப் பேச உரிமை இல்லையா என்று கேட்கவும் அவள் தயங்கவில்லை. புராணங்களை மறுத்து நூறு சொற்பொழிவு செய்தாலும் ஏறாத விஷயம், இந்த இரண்டு பேர் மலையில் நின்று சண்டை போடுகிற காட்சியில் ஏறிவிடுகிறது.

1934-ல் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்ற அவருடைய நாடகம் பெரியார் தலைமையில் மேடை ஏறிற்று. பிரகலாதன் கதையைத் தலைகீழாக்கிய நாடகம் அது. கோயில் திண்ணையில் கேட்டுப் பழகிய கதையை மறுபக்கத்திலிருந்து கேட்ட ஜனங்கள் பிரமித்தார்கள், சிலர் சீறினார்கள். நாடகம் என்ற அளவில் அதைவிடக் குப்பன் கதைதான் உசத்தி. ஆனால் அதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு.

மனிதரைப் பாடாத புலவர்

இந்த இடத்தில் மறுபடியும் பொம்மபுரத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பாரதிதாசனுக்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் முன்பு இன்னொரு கவிஞர் இந்த ஊரில் நேர் எதிரான ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டார்.

அவர் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறைமங்கலம் சிவப்பிரகாசர். 'நன்னெறி' பாடியவர் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேரூர் சாந்தலிங்கர் அவரைப் பொம்மபுரத்துக்கு அழைத்து வருகிறார். தம் குருவான சிவஞான பாலய தேசிகர் மீது ஒரு பாட்டுப் பாடும்படி கேட்கிறார். மனிதரைப் பாடுவதில்லை என்று சிவப்பிரகாசர் மறுத்துவிடுகிறார். அன்றிரவு கனவில் முருகன் தோன்றிப் பூக்களைக் கொடுத்து, இவற்றை மாலையாகத் தொடுத்து அவருக்குச் சூட்டு என்று சொன்னதாக வழிவழியாகக் கதை. விழித்தெழுந்த புலவர் மனம் மாறினார். பிள்ளைத்தமிழ், கலம்பகம், தாலாட்டு, நெஞ்சுவிடு தூது என்று சிவஞான பாலயர் மீது அடுக்கடுக்காகப் பாடினார்.

கடவுளை மட்டும் பாடுவேன் என்றவரைக் கடவுளே வந்து மனிதரைப் பாடச் சொன்ன ஊர் இது. கடவுளைப் பாடிய பாரதிதாசனோ யாரும் கனவில் வந்து சொல்லாமலே மனிதரைப் பாடப் போனார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீரசைவம் என்பதே ஆதியில் ஒரு கலகக் குரல்தான். 12-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணர், பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்றார்; வேள்விச் சடங்குகளை மறுத்தார்; உடம்பில் அணிந்த லிங்கமே கோயில் என்றார். மதத்துக்குள் நின்று அவர் கேட்ட கேள்விகளில் பாதியைத்தான் மதத்துக்கு வெளியே நின்று சுயமரியாதைக்காரர்கள் கேட்டார்கள். கேள்வி பழையது, கேட்கிற இடம்தான் புதிது.

கல்யாணம் செல்லுமா, செல்லாதா?

கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தினால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. வாதம் முடிந்ததும் இரு கட்சிக்காரரும் காபி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாத்திகம் வீட்டுக்குள் நுழையும்போதுதான் கஷ்டம். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது? பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் செய்வது? செத்துப்போனால் யார் என்ன செய்வது?

1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் ஒன்றைப் பெரியார் நடத்தி வைத்தார். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. ஒரு பெரியவர் தலைமை தாங்குவார். மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள். பிறகு சொற்பொழிவு. சொற்பொழிவு நீண்டுகொண்டே போகும். பந்தியில் சோறு ஆறிக்கொண்டே போகும். இது இயக்கத்தாரே சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

ஆனால் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. அக்கினி சாட்சியும் சப்தபதியும் இல்லாத அந்தத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஆதரவு கிடையாது. நாளைக்குச் சொத்துத் தகராறு வந்து கோர்ட்டில் ஏறினால், அவள் மனைவியே அல்ல, அவர்கள் பிள்ளைகளே அல்ல என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதிக்கலாம். வாதித்தும் இருக்கிறார்கள். 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் ஒன்றைச் செல்லாது என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பாரதிதாசன் தம் மூத்த மகளுக்கு 1944-ல் பெரியார் முன்னிலையில் திருமணம் செய்து வைத்தார். மாப்பிள்ளை ஒரு தமிழ்ப் புலவர். மேடையில் பேசுவதற்கு வேண்டிய துணிச்சல் வேறு. பெற்ற பெண்ணின் வாழ்க்கையை வைத்துக் காட்டுகிற துணிச்சல் வேறு. ஐயரைக் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டால் சட்டமும் சரி, சம்பந்தி வீடும் சரி, வாய் திறக்காது. எத்தனையோ முற்போக்குவாதிகள், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களே என்று சொல்லி அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள்.

அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-ல் சட்டசபையில் திருத்தச் சட்டம் நிறைவேறி, 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. உற்றார் உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகத் தமக்குத் தெரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் போதும். திருமணம் செல்லும். அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும். சட்டம் வந்த தேதிக்கு நாலு வருஷம் முன்பே, 1964 ஏப்ரல் 21-ல், கவிஞர் சென்னையில் காலமாகிவிட்டார். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை மேலும் விளக்கி, இப்படிப்பட்ட திருமணத்தை ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொன்னது.

அதே 1968-ல், பிப்ரவரி 28-ஆம் தேதி, பொம்மையார்பாளையத்துக்கு மேற்கே அந்தச் செம்மண் மேட்டில் ஆரோவில் நகரத்துக்கு அஸ்திவார விழா நடந்தது. 124 தேசங்களிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து போட்டார்கள். தெய்விக வாழ்வு வேண்டும், மதங்கள் வேண்டாம் என்பது அந்நகரை நிறுவிய அன்னையின் எண்ணம். தெய்வமும் வேண்டாம் என்றவர் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே, தெய்வத்தை வைத்துக்கொண்டு மதத்தை மட்டும் விடலாம் என்று ஒரு நகரம் எழும்பியது.

திருநீறு நீட்டிய கை

நாத்திகர் என்றால் பக்தனைக் கண்டதும் பல்லைக் கடிப்பவர் என்று ஓர் எண்ணம் உண்டு. பெரியாரைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரு செய்தி இதற்கு மறுமொழி. திரு.வி.க. ஈரோட்டில் பெரியார் வீட்டில் தங்கியிருந்தார். காவிரியில் குளித்துவிட்டுக் கரையேறியவருக்குத் திருநீற்றை எடுத்து நீட்டியவர் பெரியார். பூசுவது உங்கள் வழக்கம். விருந்தினருக்கு வேண்டியதைச் செய்வது என் கடமை என்கிற பாவனை. கூட்டங்களில் கடவுள் வாழ்த்துப் பாடும்போது, மற்றவர்கள் எழுந்தால் தாமும் எழுந்து நிற்பார். தள்ளாத வயதில் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நிற்பார்.

பாரதிதாசனுக்கு இந்தப் பொறுமை அவ்வளவாகக் கிடையாது. அவருடைய பேனா சூடானது. வழக்கத்தை அடிக்க வேண்டிய இடத்தில் ஆளை அடித்துவிடும். ஒரு சாதியார் அனைவரையும் ஒரே கோலால் அளந்துவிட்ட பாட்டுகளும் உண்டு. அவற்றைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பொறுமைசாலியாக இருந்திருந்தால் கவிஞராக இருந்திருப்பாரா என்பதும் கேள்விதான்.

சூடு தணிந்த பாரதிதாசனைப் பார்க்க வேண்டுமானால் 'குடும்ப விளக்கு' நூலை எடுக்க வேண்டும். ஐந்து பகுதிகள். முதற் பகுதி ஒரு குடும்பத்தில் ஒரு நாள் நிகழ்ச்சி. பொழுது புலர்வதிலிருந்து விளக்கணைக்கிற வரையில் ஒரு பெண் செய்கிற வேலைகள். கோலம், பிள்ளைகள், மாமன் மாமி, சமையல், வந்தவர்களுக்கு உபசாரம். இத்தனையும் ஒருத்தி தலையில்தானா என்று இன்றைய பெண்கள் கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்றாட வீட்டு வேலையை, வானத்தைப் பார்க்காமல், ஒரு காவியத்துக்கு உரிய பொருளாக எடுத்துக்கொண்ட துணிவைக் கவனிக்க வேண்டும். கடைசிப் பகுதி முதியோர் காதல். பல் போய், கண் மங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிற கிழவனும் கிழவியும். சாமியின் திருக்கல்யாணத்தைப் பாடப் பழகிய கவிஞர், இந்தத் தம்பதியைப் பாடினார். கைம்பெண் மறுமணம், குழந்தைகளுக்குப் பாட்டு, கருத்தடை என்று அவர் தொட்ட விஷயங்கள் எல்லாம் இப்படி வீட்டுக்குள் இருப்பவைதான். கருத்தடையை இந்தியாவில் முதலில் கவிதையில் பாடியவர் அவரே என்பார்கள். 1929-லேயே அதைச் செய்தார்!

1946-ல் அண்ணாவின் முயற்சியால் சென்னையில் அவருக்கு 25,000 ரூபாய் பொற்கிழி அளித்தார்கள். 1955-ல் புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஓட்டுப் போட்டவர்களில் நாத்திகர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலேகூட, நாத்திகர் என்று எழுதிக்கொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் சுமார் 33,000 பேர்தான். புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் இதைவிட எத்தனையோ மடங்கு. அந்தக் குடும்பங்களில் பல பங்குனி உத்திரத்துக்குக் காவடியும் எடுக்கின்றன. மாலை மாற்றிக் கல்யாணம். பிள்ளைக்குச் சுத்தத் தமிழ்ப் பெயர். காது குத்துவது மட்டும் குலதெய்வத்தின் சந்நிதியில். இது குழப்பம் என்று நாத்திகரும் சொல்வார், ஆத்திகரும் சொல்வார். வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் குழப்பம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பெருமாள் கோயில் தெரு

புதுச்சேரியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இன்று அவருடைய நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. விலாசம், 95, பெருமாள் கோயில் தெரு! புதுச்சேரி அரசு விழாக்களில் எல்லோரும் எழுந்து நிற்கத் தொடக்கத்தில் பாடப்படுகிற தமிழ் வாழ்த்துப் பாட்டு அவர் எழுதியது. கடவுள் வாழ்த்துக்கு இருந்த இடத்தில் மொழி வாழ்த்து. அவருடைய நூல் வரிசையைப் பார்க்கிறவர்கள் ஆரம்பத்திலேயே மயிலம் முருகன் துதிகளையும் பார்க்கலாம். மறைத்துவைக்க வேண்டியவை என்று யாரும் நினைக்கவில்லை.

சென்னையில் உயிர் பிரிந்த மறுநாள் அவர் உடலைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து, கடற்கரை இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்று அந்தக் கடற்கரையில், வைத்திக்குப்பத்தில், சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகின்றன. தீவனூரிலிருந்து பிள்ளையார் வருகிறார். செஞ்சியிலிருந்து ரங்கநாதர் வருகிறார். மயிலத்திலிருந்து முருகனும் வருகிறான்.